லாபம் சார்

வெள்ளாற்றங்கரை ஊர்களில் ஏதாவது ஒரு வீட்டுக்குப் போய், "மாடு எவ்வளவு கறக்குது?" என்று கேட்டுப் பாருங்கள். வாளி நுரைக்க நுரைக்கக் கறக்கிற மாடாக இருந்தாலும், "ஏதோ கன்னுக்குட்டி குடிச்சது போவ காப்பித் தண்ணிக்கு ஆவுது" என்பார்கள். அழுத்திக் கேட்டால் மாடே இல்லை என்று சொல்லிவிடுவார்கள், அது கொல்லையில் கத்திக்கொண்டிருக்கும்போதே. அளவை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும், கண் பட்டால் மடி வற்றிவிடும். இதில் அவர்களுக்குத் துளிகூடச் சந்தேகம் கிடையாது.

இப்படிப்பட்ட ஊர்களுக்கு 1964-இல் அரசாங்கம் ஒருவரை அனுப்பியது. மாதம் ஒரு நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், காலைப் பாலையும் மாலைப் பாலையும் தன் எதிரே கறக்க வைத்து, தராசில் தொங்கவிட்டு எடை எழுதி வர வேண்டும். உத்தியோகப் பெயர் பால் பதிவாளர். அவர்தான் என் நண்பர் சிற்றம்பலம். அவர் எழுதும் பதிவேடும், சின்னப் புட்டிகளில் அவர் எடுக்கும் பால் மாதிரியும் கடலூரில் எங்கள் சோதனைக்கூடத்துக்கு வரும். அந்தப் பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பது என் வேலை. என் பெயர் சக்கரபாணி. அமிலமும் கண்ணாடிக் குழாயுமாக இருபத்தொன்பது வருஷம் ஓட்டியவன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.

இதெல்லாம் எதற்கு என்று என் சொந்தக்காரர்களே கேட்டிருக்கிறார்கள். நாட்டில் பால் பெருக வேண்டுமானால் நல்ல காளைகள் வேண்டும். காளை பால் கறக்காது. அதன் தாய் எவ்வளவு கறந்தது என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட முடியும். தாயின் பாலைப் பத்து மாதம் நிறுத்து எழுதினால்தான் அது நல்ல தாய் என்று சொல்ல முடியும். அப்படிச் சான்று கிடைத்த மாட்டின் காளைக்கன்று அரசுப் பண்ணைக்குப் போகும். மற்றக் கன்றுகளுக்கு வளர்ந்ததும் காயடித்து வண்டியில் பூட்டிவிடுவார்கள். ஆக, டெல்லியிலும் சென்னையிலும் பெரிய மேஜைகளில் போட்ட திட்டமெல்லாம் கடைசியில் சிற்றம்பலத்தின் தராசு முள்ளில் வந்து நின்றது. அந்தப் பெரிய மேஜைக்காரர்களுக்கு இது தெரிந்திருந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

அவருக்கு மாடு என்றால் பயம். இதை அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். சிதம்பரம் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அப்பா நெல் மண்டியில் அளவுகாரர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு மனுப் போட்டபோது, 'பதிவாளர்' என்பதைப் பார்த்து மேஜை நாற்காலி வேலை என்று நினைத்துவிட்டார். கொடுத்ததோ ஒரு சைக்கிள், ஒரு சுருள்வில் தராசு, ஒரு வாளி. முதல் வாரமே ஒரு கிடாரி முழங்காலில் உதைத்துவிட்டது. நொண்டிக்கொண்டே கடலூருக்கு வந்து பதிவேட்டைக் கொடுத்தார். வேலையை விட்டுவிடுவார் என்று நான் நினைத்தேன். மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காடாம்புலியூரில் முந்திரித் தோப்புக்காரர் வீட்டில் பெண் எடுத்தார். கல்யாணப் பந்தியில் பெண்ணின் மாமா ஒருவர், மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று கேட்க, பால் நிறுக்கிறார் என்று யாரோ சொல்ல, "அப்ப பால்காரரா?" என்றார் அவர். "கவர்மெண்டு பால்காரரு மாமா" என்று மணப்பெண் அமராவதியே சொன்னாள். பந்தியே சிரித்தது. சிற்றம்பலமும் சிரித்தார், காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

சேர்ந்த புதிதில் அறுபது வீட்டில் ஒன்பது வீட்டுக்காரர்கள்தான் கதவைத் திறந்தார்கள். மற்ற வீடுகளில் மாடு மேய்ச்சலுக்குப் போயிருக்கும், அல்லது பால் வற்றிப்போயிருக்கும், அல்லது மாமியாருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கும். விதிப்புத்தகத்தில் ஒரு விதி இருந்தது: எடையை உரியவர் காதில் விழும்படி உரக்கச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். பதிவாளர் ஏமாற்றக் கூடாது என்பதற்காக எங்கேயோ எவரோ போட்ட நல்ல விதி. ஆனால் இவர் "மூணரை கிலோ" என்று உரக்கச் சொன்ன வீடுகளில் அடுத்த மாதம் கதவு திறக்கவில்லை.

மூன்றாவது மாதம் அஞ்சம்மாள் வீட்டில் அது நடந்தது. அஞ்சம்மாளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். புருஷன் சாமிக்கண்ணு வயலே கதி என்று கிடப்பவர், பேச்சு குறைவு. வீட்டில் ஒரே மாடு, சிந்தி இனக் கலப்பு, சிவப்பு நிறம் என்பதால் செவலை என்று பெயர். அன்று கறந்த பாலைத் தராசில் தொங்கவிட்டதும் முள் நாலைத் தாண்டிப் போய் நின்றது. வேடிக்கை பார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். அஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஏதோ ஊசி போடப் போகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். சிற்றம்பலம் விதிப்படி வாயைத் திறந்தார். அந்த முகத்தைப் பார்த்த பதற்றத்தில் கிலோ வரவில்லை, அப்பாவின் குரல்தான் வந்தது.

"லாபம்" என்றார்.

நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். 'லாபம்' என்று சொல்லிப் போட்டுவிட்டு, அடுத்ததை 'ரெண்டு' என்று எண்ணுவார்கள். களத்திலும் மண்டியிலும் அதுதான் வழக்கம். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த சொல், நாக்கு நுனியில் இருந்திருக்கிறது. அஞ்சம்மாள் கண்ணைத் திறந்து சிரித்துவிட்டார். கூட இருந்த பெண்களும் சிரித்தார்கள். அளவை யாரும் கேட்கவும் இல்லை. சிற்றம்பலம் திரும்பி நின்று எடையைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அவர் எண்ணைச் சொன்னதில்லை. ஒரு கிலோவானாலும் லாபம், ஐந்து கிலோவானாலும் லாபம். அந்த வருஷக் கடைசியில் ஐம்பத்துநாலு வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் சைக்கிள் தெருவில் திரும்பினாலே, "லாபம் சார் வந்துட்டாரு, மாட்டக் கழுவு" என்று குரல் போகும். அவருடைய நிஜப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. சிவராத்திரிக்குச் சிதம்பரம் வந்த ஒரு கிழவர், தெற்கு வீதியில் நின்றுகொண்டு, லாபம் சார் வீடு எது என்று விசாரித்து, யாருக்கும் தெரியாமல் திரும்பிப் போனதும் உண்டு. விதியை மீறுகிறோம் என்பது சிற்றம்பலத்துக்குத் தெரியும். என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். நானும் வாயைத் திறக்கவில்லை.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. செவலை மறுபடியும் ஈன்றது, இந்த முறை காளைக்கன்று. மூன்று மாதமாக நாளுக்கு எட்டு கிலோவுக்கு மேல் என்று பதிவேடு சொன்னது. அக்கம்பக்கத்து மாடுகள் மூன்றும் நாலும் கறக்கிற ஊரில் எட்டு கிலோ. சென்னையில் பதிவேடுகளைப் பார்த்து வந்த தட்சிணாமூர்த்தி என்ற அதிகாரியின் கண்ணில் அது உறுத்தியது. 1966 பிப்ரவரியில், முன்கூட்டிச் சொல்லாமல், தானே நேரில் நிறுத்துப் பார்க்கப் புறப்பட்டு வந்துவிட்டார். மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவன் நான்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். படித்தவர், கை சுத்தம், பொய்ப் பதிவு என்றால் உடம்பெல்லாம் எரியும் மனிதர். வேறு இரண்டு மாவட்டங்களில் வீட்டில் உட்கார்ந்தபடியே பதிவேட்டை நிரப்பியவர்களைப் பிடித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். இங்கேயும் அதையே எதிர்பார்த்துத்தான் வந்திருந்தார் என்பது ஜீப்பில் ஏறிய உடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

காலைக் கறவைக்குப் போய் இறங்கினோம். அதிகாரி கறுப்புக் கண்ணாடியும் பேண்ட்டுமாகத் தொழுவத்தில் நின்றார். அஞ்சம்மாள் கறந்தார். அதிகாரி தானே தராசைப் பிடித்து முள்ளைப் பார்த்து, தெருமுனை வரை கேட்கும்படி, "நாலு கிலோ ஐநூறு கிராம்" என்றார். விதிப்படி சொன்னார். போதாக்குறைக்கு, "பரவாயில்லையே, ரொம்ப ஜாஸ்தி" என்று வேறு சேர்த்தார். கூடியிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அஞ்சம்மாளின் முகம் செத்துவிட்டது. சிற்றம்பலம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மதியம் சேத்தியாத்தோப்பு பயணியர் பங்களாவில் சாப்பிட்டுவிட்டு, நான்கு மணிக்குத் திரும்பிப் போனோம். மாலைக் கறவை. அதிகாரி மாட்டின் மடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அஞ்சம்மாள் கன்றை ஊட்டவிட்டுப் பிரித்துக் கட்டி, கறக்க உட்கார்ந்து, சற்று நேரத்தில் எழுந்துவிட்டார். "அவ்ளோதாங்க, இன்னிக்குப் பால அடக்கிக்கிச்சு" என்றார். முள் ஒன்றே முக்காலைக்கூடத் தொடவில்லை. அதிகாரி எண்ணை உரக்கச் சொல்லி எழுதிக்கொண்டு, புட்டியில் மாதிரி எடுத்து, மூடிக்கு மேல் தன் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஒட்டினார். பிறகு பதிவேட்டைப் பிரித்தார். போன மாதம் மாலை மூன்றே முக்கால். அதற்கு முந்தின மாதம் நாலு.

பிறகு அஞ்சம்மாள் எங்கள் எல்லாருக்கும் காப்பி கொண்டுவந்து கொடுத்தார். தண்ணீர் படாத பாலில் வெல்லக் காப்பி. அதிகாரி ஒரு டம்ளர் குடித்து, மறுபடியும் கேட்டு வாங்கிக் குடித்தார். சென்னையில் இப்படிக் காப்பி கிடையாது என்று மனதாரச் சொன்னார். சிற்றம்பலம் டம்ளரைக் கையில் வாங்கி, உள்ளே ஒரு தரம் பார்த்து, அஞ்சம்மாளை ஒரு தரம் பார்த்துவிட்டு, மடமடவென்று குடித்துவிட்டார்.

ஜீப்புக்குப் பக்கத்தில் வைத்து அதிகாரி பேசினார். குரலை உயர்த்தவில்லை. "காலைல போறே. சாயங்காலம் போறதே இல்ல. காலை எடையைப் பார்த்துக் கொஞ்சம் குறைச்சு எழுதிடறே. நாலு ஊர் சைக்கிள் மிதிக்கணும், கஷ்டம்தான். அதுக்குப் பொய் எழுதலாமா?"

"நான் ஒரு சாயங்காலமும் தவறினதில்ல சார்."

"அப்ப இன்னிக்குப் பால் எங்க போச்சு?"

சிற்றம்பலம் குனிந்து தராசைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். தற்காலிக வேலை, மார்ச்சில் புதுப்பிக்க வேண்டும். அமராவதிக்கு ஏழாம் மாதம். இவர் பொய்யர் என்று அறிக்கை போனால் வேலை போகும். அதோடு இந்த வட்டாரத்தில் இரண்டு வருஷமாக நிறுத்து எழுதிய பதிவு முழுவதும் ரத்தாகிவிடும், செவலையின் கன்றுக்குச் சான்றும் கிடைக்காது. தராசையும் பதிவேட்டையும் மறுநாள் கடலூரில் ஒப்படைக்கும்படி அதிகாரி உத்தரவு போட்டார். சரி சார் என்றார் சிற்றம்பலம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் சோதனைக்கூடத்து வாசலில் இருந்த முக்காலியில் தராசை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகாரி பக்கத்து அறையில் அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். நான் முந்தின நாள் மாதிரிகளைச் சோதித்தேன். பாலில் அமிலத்தை ஊற்றிக் குழாயைக் குலுக்கி, கைப்பிடியுள்ள இயந்திரத்தில் வைத்துச் சுற்றினால், கொழுப்பு பிரிந்து மஞ்சளாக மேலே நிற்கும். குழாயில் போட்டிருக்கும் கோட்டில் அளவைப் படிக்கலாம். செவலையின் காலைப் பால் 4.4 சதவீதம். இரண்டு வருஷமாக அது இருக்கிற இடம். மாலைப் பால் 8.1.

எட்டு என்றால் எருமைப் பாலிலேயே அதிகம். என் கைதான் தவறிவிட்டது என்று நினைத்து மறுபடியும் செய்தேன். 8.1. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மடியிலிருந்து முதலில் வருகிற பால் நீர்த்திருக்கும், கடைசியில் வருகிறது கெட்டியாக இருக்கும். நான் சோதித்தது கடைசிப் பால் மட்டும்தான். முன்பாலை யாரோ முன்னாடியே கறந்து எடுத்திருக்கிறார்கள். அதிகாரி அறைக்குக் குழாயை எடுத்துக்கொண்டு ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். கதவைத் தட்டவும் மறந்துவிட்டேன்.

அவர் நம்பவில்லை. தன் கையெழுத்துக் காகிதத்தைச் சரிபார்த்து, தானே புட்டியிலிருந்து பால் எடுத்து, தானே அமிலம் ஊற்றி, தானே கைப்பிடியைச் சுற்றினார். வேர்த்துவிட்டது. குழாயை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். 8.0.

"நான் கண்ணை எடுக்கலியே. நாம அங்க இல்லாத நேரத்துல கறந்துட்டாங்கன்னு வெச்சுக்கிட்டாலும், அந்தப் பால் எங்க?" என்றார். கேட்டவர் அப்படியே நின்றுவிட்டார். வீட்டில் இருப்பது ஒரே மாடு. காலைப் பால் முழுவதையும் எங்கள் எதிரிலேயே டீக்கடைக்காரர் வாங்கிப் போய்விட்டார். மாலையில் கறந்த பால் முழுவதும் வாளியில், அவர் காலடியில் இருந்தது. அப்படியானால் அந்தக் காப்பிக்குப் பால் எங்கிருந்து வந்தது?

"ரெண்டு டம்ளர் குடிச்சேன்யா" என்றார் என்னிடம், தாழ்ந்த குரலில்.

சிற்றம்பலத்தை உள்ளே கூப்பிட்டார். இது உனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றார் அவர். டம்ளரைக் கையில் வாங்கியபோதே தெரிந்துவிட்டதாம். அப்படியானால் அங்கேயே ஏன் சொல்லவில்லை என்று அதிகாரி கேட்டார்.

சிற்றம்பலம் தராசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "நீங்க காலைல அளவை உரக்கச் சொன்னீங்க சார். கண்ணு பட்டுடும்னு பயந்துபோயி அவுங்க ரெண்டு மணிக்கே பாதியக் கறந்துட்டாங்க. ஏமாத்தணும்னு செய்யல. நான் அத அங்க சொல்லியிருந்தா தெருவுக்கு முன்னாடி அவுங்க திருடியாயிடுவாங்க. அப்புறம் எந்த வீட்டுலயும் கதவு தொறக்காது. அதுக்கப்புறம் நான் எழுதுறது வெறும் கணக்கா இருக்கும் சார், பாலா இருக்காது." பிறகு, இரண்டு வருஷமாகத் தான் விதிப்படி எடையைச் சொல்லாமல் லாபம் என்று மட்டும் சொல்லி வந்ததையும் தானாகவே ஒப்புக்கொண்டார். அடிக்கிற கையில் தடியை எடுத்துக் கொடுக்கிறாரே என்று நினைத்தேன்.

அதிகாரி வெகுநேரம் பதிவேட்டைப் புரட்டினார். ஒன்பது வீடு எப்போது ஐம்பத்துநாலு ஆயிற்று என்று மாதத்தைத் தேடிப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. கடைசியில், எழுதிய அறிக்கையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த மாசம் வரேன். தராசை எடுத்துக்கிட்டுப் போ" என்றார். வாசலுக்கு வந்ததும் சிற்றம்பலம் முக்காலியில் மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். நான் எதிர்க்கடையிலிருந்து டீ வாங்கி வந்தேன். எங்கள் இருவருக்கும் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

விஷயம் எப்படியோ ஊருக்குப் போய்விட்டது. அந்த வாரமே அஞ்சம்மாள் பஸ் ஏறிச் சிதம்பரம் வந்து, வீட்டைத் தேடிப் பிடித்து, அமராவதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேனே என்று புலம்பினார். பூசணிக்காய் ஒன்றும் நெய் ஒரு செம்பும் கொடுத்துவிட்டுப் போனார்.

சிற்றம்பலம் அதன் பிறகு இருபத்தாறு வருஷம் அந்தச் சைக்கிளை மிதித்தார். செவலையின் கன்று பண்ணைக்குப் போயிற்று. மாட்டின் மேல் இருந்த பயம் மட்டும் ஓய்வுபெறும் வரை போகவில்லை. மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைத் தராசில் வைத்து வாயைத் திறக்கப் போக, இவர் பதறிப்போய்க் கையமர்த்தியதாக அமராவதி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்த மார்ச் மாதப் பதிவுதான்.

அதிகாரி சொன்ன மாதிரியே வந்தார். கறுப்புக் கண்ணாடியை ஜீப்பிலேயே கழற்றி வைத்துவிட்டார். தெரு முழுக்க அஞ்சம்மாள் வீட்டுத் தொழுவத்தில் நின்றது. அஞ்சம்மாள் கறந்து முடித்து வாளியை நீட்டினார். அதிகாரி தராசைத் தானே வாங்கிக் கொக்கியில் மாட்டினார். முள் ஆடி நின்றது. அவர் குனிந்து முள்ளைப் பார்த்து, நிமிர்ந்து, வாயைத் திறந்தார். சிற்றம்பலம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"லாபம்" என்றார் அதிகாரி.

பழக்கமில்லாத வாய். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல் வந்தது. ஆனாலும் பெண்கள் சிரித்துவிட்டார்கள். அஞ்சம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை. அதிகாரி பதிவேட்டில் எடையை எழுதினார். ஓரத்தில், இவ்வூரில் எடையை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதுவதே சரியான முறை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். பிறகு சிற்றம்பலத்தைத் தனியே கூப்பிட்டு, யார் காதிலும் விழாமல் கேட்டார்.

"சாயங்காலத்துக்கு என்ன சொல்லணும்?"

சிற்றம்பலம் பதிவேட்டை வாங்கி மூடிக்கொண்டே சொன்னார்.

"அதுக்கும் லாபந்தான் சார்."